கட்டியக்காரனின் வழித்தோன்றல்கள்

திருவண்ணாமலை என்றதும் தீபமும் கிரிவலமும் நினைவுக்கு வரும். அந்த மலை கண்ணில் படும் தூரத்து ஊர்களிலும், அதற்கு அப்பால் செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஊர்களிலும், கோடை மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடப்பதை வெளியூர்க்காரர்கள் அதிகம் அறிவதில்லை. பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் தெருக்கூத்து. கடைசி நாளில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இக்கூத்தை ஆடி வருகிறார்கள். நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு வியந்த ந. முத்துசாமி அதைப் பற்றி எழுதிய பிறகே, நவீன இலக்கிய வாசகர்களில் பலருக்குப் புரிசை என்ற பெயர் தெரிய வந்தது. அவர் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியதற்குப் பின்னாலும் அந்த வியப்பு இருந்தது.

கர்ணனும் துரியோதனனும் துச்சாதனனும் அடவு கட்டி ஆடும் அந்தக் களரியில் முதலில் வந்து நிற்பவன் கட்டியக்காரன். இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது.

கட்டியம் கூறுதல் என்றால் அரசனின் வருகையை அறிவித்தல். கூத்தில் அவன் வேலை அதோடு நிற்பதில்லை. திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டு வரும் வேந்தனை, "நீர் யார், எந்த ஊர்?" என்று சபையோர் சார்பில் விசாரிப்பவன் அவன். காவலன், தூதன், பணியாள், தேவைப்பட்டால் தோழி என எந்தச் சிறு வேடத்தையும் அவனே ஏற்பான். ஒரு கால் அத்தினாபுரத்து அரண்மனையிலும் மறுகால் நம் ஊர்த் தெருவிலும் இருக்கும். துரியோதனன் அறியாத அரிசி விலை அவனுக்குத் தெரியும். இந்த ஆண்டு ஏரி நிரம்பவில்லை என்பதும் தெரியும். அரசனை முகத்துக்கு நேரே கேலி செய்யும் உரிமை அந்தக் களரியில் அவன் ஒருவனுக்கே உண்டு.

அவன் பேச்சில் பெரும்பகுதி ஏட்டில் இல்லாதது. விருத்தமும் தருவும் வாத்தியாரிடம் பாடமாக வருபவை. கட்டியக்காரனின் நகைச்சுவையோ அந்த இரவில், அந்த ஊரில், எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பிறந்து, விடிவதற்குள் மறைந்துவிடும்.

கதைக்கு வெளியே நின்று பேசும் இந்த மனிதன் நமக்கு மட்டும் உரியவன் அல்லன். இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியரின் குழுவில் வில் கெம்ப் என்றொரு கோமாளி நடிகர் இருந்தார். ஆட்டத்துக்கும் சமயோசிதப் பேச்சுக்கும் பெயர் பெற்றவர். 1599 வாக்கில் அவர் குழுவை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து நார்விச் வரை ஆடிக்கொண்டே சென்று, அதையே ஒரு சிறு நூலாகவும் எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் எழுதப்பட்ட ஹாம்லெட் நாடகத்தில், கோமாளிகள் தமக்கென எழுதித் தரப்பட்டதற்கு மேல் பேசலாகாது என்று இளவரசன் நடிகர்களுக்கு அறிவுரை கூறுகிறான். கெம்ப்பை எண்ணியே அந்த வரிகள் எழுதப்பட்டன என்று ஊகிப்பவர்கள் உண்டு. ஊகம் எப்படியானாலும், எழுத்தாளன் கோமாளியின் வாயைக் கட்ட முயன்ற காலம் அது என்பதில் ஐயமில்லை.

வாய் கட்டப்பட்ட கோமாளி வேறு இடம் தேடிப் போனான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மியூசிக் ஹால் அரங்குகளில் அவனுக்குக் கதையே தேவைப்படவில்லை. பாட்டும் பேச்சும் சேட்டையுமாகப் பார்வையாளர்களோடு நேரே உறவாடினான். அந்த அரங்குகளில் பாடிய தாய்க்கும் தந்தைக்கும் 1889இல் பிறந்தவர் சார்லி சாப்ளின். வறுமையிலும் அநாதை விடுதியிலும் வளர்ந்து, பிரெட் கார்னோவின் குழுவில் தேர்ந்து, அதனோடு அமெரிக்கா சென்று, 1914இல் திரைக்கு வந்தார். அவர் செய்த பெரிய காரியம், கோமாளியையே கதையின் நாயகனாக்கியது. ஓரத்தில் நின்றவன் நடுவுக்கு வந்தான்.

தமிழில் இக்கதை வேறு விதமாக நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடையில் கட்டியக்காரனின் இடத்துக்கு வந்தவன் பபூன். பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்தது. வேலை பழைய வேலைதான். வள்ளி திருமணத்தின் நடுவே உள்ளூர்ச் செய்தி பேசவும், வேடனிடம் வம்பளக்கவும் அவனுக்குத் தடையில்லை. நாடகக் கம்பெனிகளிலிருந்து நடிகர்கள் திரைக்குப் போனபோது இந்த உரிமையும் அவர்களோடு போனது.

அந்த உரிமையை முழுதாகக் கையாண்டவர் என்.எஸ். கிருஷ்ணன். 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வில்லுப்பாட்டிலும் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலும் பயின்றவர். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' 1936இல் வெளிவந்தது. எம்.ஜி.ஆரும் டி.எஸ். பாலையாவும் அறிமுகமான அப்படத்தில் இவரும் இருந்தார். டி.ஏ. மதுரத்தோடு இணைந்த பிறகு, மூலக்கதையோடு அதிகம் ஒட்டாத நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துத் தம் குழுவினரைக் கொண்டு நடித்தார். கதையில் ராஜா ராணி இருப்பார்கள். இவரோ தீண்டாமையையும் குடியையும் மூடநம்பிக்கையையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அத்தினாபுரத்தில் அரிசி விலை பேசியவனின் வழிதான் இது. விமர்சகர்கள் இதைக் கட்டுக்கோப்பற்ற திரைக்கதை என்று குறை சொல்வதுண்டு. கூத்துக் களரியில் விடிய விடிய உட்கார்ந்த பாட்டனுக்குப் பேரனாக வந்த பார்வையாளனுக்கு அதில் குறை ஏதும் தெரிந்திருக்காது.

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அதற்குப் பின் நடந்தது கவனிக்கத்தக்கது. பாகவதரின் படங்கள் பழைய வெற்றியைப் பெறவே இல்லை. 1959இல் இறக்கும் வரை அந்த வீழ்ச்சியிலிருந்து அவர் மீளவில்லை. கிருஷ்ணனோ அதே 1947இல் வந்த 'பைத்தியக்காரன்' படத்தில் தோன்றி, சிறை சென்று வந்த கதையையே பாட்டாக்கிச் சிரிக்க வைத்தார். 1949இல் அண்ணாவின் எழுத்தில் 'நல்லதம்பி' வந்தது. 'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களை இயக்கவும் செய்தார்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கட்டியக்காரனிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாயகன் ஒரு பிம்பம். சிறைக் கம்பிகள் அதில் கீறல் விழச் செய்துவிட்டன. கட்டியக்காரனுக்கு உடைவதற்குப் பிம்பம் கிடையாது. அவன் வேடமிட்டிருக்கும்போதே நம்மில் ஒருவனாக நிற்பவன். நமக்கு நேர்வது எதுவும் அவனுக்கும் நேரலாம். நேர்ந்ததை நம்மிடமே வந்து சொல்லிச் சிரிக்க அவனால் முடியும்.

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது. ஓரத்தில் நிற்பவனுக்குப் பேச்சுரிமை உண்டு, கதையில் பங்கு குறைவு. சாப்ளினுக்கு அமைந்தது போல ஒரு கலைஞனின் பார்வை முழுப்படமாக விரியும் வாய்ப்பு தமிழ் நகைச்சுவை நடிகர்களுக்கு அரிதாகவே அமைந்தது. சந்திரபாபு அதற்காகப் போராடித் தோற்றார். நாகேஷுக்கு 'சர்வர் சுந்தரம்' போல ஓரிரண்டு அமைந்தன. மற்றபடி அவர்களின் மேதைமை பிறர் கதைகளின் இடைவெளிகளில் சிதறிக் கிடக்கிறது. கிருஷ்ணனின் தொடக்க காலம் முழுதாக நமக்குக் கிடைக்கவும் இல்லை. முப்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

சம்பாதித்ததையெல்லாம் வாரிக் கொடுத்தவர் என்று பெயர் பெற்ற கிருஷ்ணன், கையில் அதிகமின்றி 1957 ஆகஸ்டில் மறைந்தார். வயது நாற்பத்தெட்டு. 1969 ஜனவரியில் சென்னை தியாகராய நகரில் அவர் சிலையை அண்ணா திறந்து வைத்தார். நோயுற்றிருந்த முதலமைச்சர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. கலைவாணருக்குச் சிலையும், அவர் பெயரில் ஓர் அரங்கமும் இருக்கின்றன. அது சரியே.

புரிசைக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் திரும்புவோம். அங்கே வேடக்காரர்களின் பெயர்கள் ஓரளவு பதிவாகியிருக்கின்றன. கண்ணப்பத் தம்பிரானுக்கு நாட்டின் உயரிய கலை விருது கிடைத்தது. கர்ணன் ஆடியவர் யார், துரியோதனன் ஆடியவர் யார் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கட்டியக்காரனாக நின்று இரவு முழுவதும் ஊரை விழித்திருக்கச் செய்தவர்களில் எத்தனை பேரின் பெயர் நூல்களில் ஏறியிருக்கிறது? அவர்களுடைய பேச்சு ஏட்டிலும் இல்லை, படச்சுருளிலும் இல்லை. கேட்டவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அந்தக் கேட்டவர்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது.

இலக்கிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் திருவண்ணாமலைப் பக்கம் செல்பவர்கள் ஓரிரவு பாரதக் கூத்தில் உட்காருங்கள். கட்டியக்காரன் பேசுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும், முகத்தின் அரிதாரத்தை அவர் கழுவிக்கொண்டிருக்கும்போது, அவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.