பெனிஹானா: சமையலறையை மேசைக்குக் கொண்டுவந்த கதை

அமெரிக்காவில் "ஹிபாச்சி" என்றால் எல்லாருக்கும் ஒரே காட்சிதான் ஞாபகம் வரும். சூடான இரும்புத் தகடு, அதைச் சுற்றி எட்டு பேர், வெங்காய வளையங்களை அடுக்கி எரிமலை மாதிரி புகையவிடும் சமையல்காரர். இதில் முதல் குழப்பமே பெயர்தான். ஜப்பானில் ஹிபாச்சி என்பது கரி போட்டுக் குளிர்காயும் சட்டி. தகட்டில் சமைப்பதற்குப் பெயர் தெப்பன்யாகி.

சரி, தெப்பன்யாகியாவது பழைய மரபா? அதுவும் இல்லை. கோபே நகரில் மிசோனோ என்ற உணவகம் 1945-ல் ஆரம்பித்து வைத்தது. போர் முடிந்து அமெரிக்கப் படைகள் நாட்டுக்குள் வந்திருந்த நேரம். மாட்டிறைச்சியைக் கண்ணெதிரே தகட்டில் போட்டு எடுப்பதை உள்ளூர்க்காரர்களைவிட வெளிநாட்டுக்காரர்கள்தான் அதிகம் ரசித்தார்கள்.

இதை அமெரிக்கா முழுக்கப் பரப்பியவர் ஹிரோஆகி "ராக்கி" ஆவோகி. 1938-ல் டோக்கியோவில் பிறந்தவர், மல்யுத்த வீரர். அப்பா யுனோசுகே டோக்கியோவில் "பெனிஹானா" என்ற பெயரில் காபிக் கடை நடத்தினார். சிவப்புப் பூ என்று அர்த்தம். ராக்கி நியூயார்க்கில் வண்டியோட்டி ஐஸ்கிரீம் விற்று 10,000 டாலர் சேர்த்தார். 1964-ல் மேற்கு 56-ஆம் தெருவில் நான்கே மேசைகளுடன் கடை திறந்தார். ஆரம்பத்தில் கூட்டமே இல்லை. ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்திரிகையில் கிளெமென்டைன் பேடில்ஃபோர்டு பாராட்டி எழுதிய பிறகுதான் நிலைமை மாறியது.

என்னை மாதிரி மென்பொருள் ஆளுக்கு இனிமேல்தான் சுவாரசியம். 1972-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பெனிஹானாவைப் பற்றி ஒரு கேஸ் ஸ்டடி வெளியிட்டது. அமெரிக்கர்கள் வித்தியாசமான சூழலை விரும்புவார்கள், ஆனா வித்தியாசமான சாப்பாட்டுக்குப் பயப்படுவார்கள். இதுதான் ராக்கியின் கணக்கு. அதனால் சுவர், உத்தரம் எல்லாம் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தன. தட்டில் விழுந்ததோ ஸ்டேக், சிக்கன், இறால் மட்டும். மெனு சின்னதானதால் வீணாவதும் குறைந்தது.

சமையல் மேசைக்கே வந்துவிட்டதால் பின்கட்டுக்குச் சுமார் 22 சதவீத இடம் போதும். மற்ற உணவகங்களில் 30 சதவீதம் வரை போய்விடும். எட்டு பேர் சேரும்வரை வாடிக்கையாளர்கள் பாரில் உட்கார்ந்திருப்பார்கள். நம்ம மொழியில் சொன்னால் அது பஃபர், மேசை ஒரு பேட்ச். காத்திருக்கும் நேரமும் மதுவிற்பனையாக மாறிவிடும். எவ்வளவு நேரத்தில் மேசை காலியாகும் என்பது சமையல்காரர் கையில். அவர் கரண்டியைத் துடைத்து, தலைவணங்கி நன்றி சொன்னால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். யாரும் "எழுந்திருங்க" என்று சொல்ல வேண்டியதில்லை!

இந்த அமைப்பு ராக்கியைத் தாண்டியும் நின்றது. பசிபிக் கடலைப் பலூனில் கடந்தவர் (1981) அவர். பிறகு உள்வர்த்தக வழக்கில் 1999-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கடைசிக் காலத்தில் சொந்தப் பிள்ளைகளோடே கோர்ட்டில் மோதினார். 2008-ல் இறந்தார். 2024-ல் ஒன் குரூப் நிறுவனம் பெனிஹானாவை 365 மில்லியன் டாலருக்கு வாங்கியது.

பெனிஹானா "உண்மையான" ஜப்பானிய உணவு இல்லை என்று கிண்டல் செய்வது சுலபம். ஆனா தெப்பன்யாகி பிறந்து வளர்ந்ததே அந்நியர்கள் வேடிக்கை பார்த்த இடத்தில்தான். தோற்ற நாடு, ஜெயித்தவனுக்கு முன்னால் சமைத்துக் காட்டியது. 20 வருஷத்துக்குள் அந்த நாட்டு இளைஞர் ஒருவர், அதே காட்சியை ஜெயித்தவன் ஊரிலேயே காசு வாங்கிக்கொண்டு நடத்தினார். இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. எல்லா வரலாறும் ராக்கி பெயரைத்தான் சொல்கிறது. தினமும் அந்தத் தகட்டின் சூட்டில் நின்று, சிரித்துக்கொண்டே மேசையை நேரத்துக்குக் காலி செய்துகொடுத்த சமையல்காரர்களின் பெயர் எதிலும் இல்லை.