ஆளற்ற காட்டின் தாழிகள்

வில்பத்துவை 'ஆளற்ற காடு' என்றே நெடுங்காலம் பத்திரிகையில் எழுதிவந்தேன். புத்தளத்திற்கு வடக்கே, கலா ஓயாவுக்கும் மோதரகம் ஆற்றுக்கும் இடையே பரந்துள்ள இவ்வனம் 1938இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மழைநீர் தேங்கிநிற்கும் இயற்கைப் பள்ளங்களான 'வில்லு'களே இதன் தனிச்சிறப்பு. பெயரும் அவற்றால் வந்ததே.

நீர் நின்ற நிலத்தில் மனிதர் வாழாதிருந்திருப்பரா? தென்மேற்கே, கரையோரத்தை அண்டிய பொம்பரிப்பில் 1920களிலும் 1970இலும் நிகழ்ந்த அகழ்வுகளில் ஆதி இரும்புக்காலத்து ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. அவை கடலுக்கு அப்பால், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை என ஆய்வாளர் காட்டியுள்ளனர்.

இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்தோர் அங்கு வாழ்ந்தோரே. காடு அவர்களை மூடியதேயன்றி இல்லாமற் செய்யவில்லை. இப்போதெல்லாம் 'ஆளற்ற' என்று எழுதுமுன் 'இன்று' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்கிறேன்.