மண்சுவரும் மரக்காலும்

ஜனங்கள் தங்கள் கையாலேயே கட்டிக்கொள்ளும் வீட்டின் வடிவத்தை அவ்வூர் மழையும் மண்ணுமே முதலில் தீர்மானிக்கின்றன. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஜில்லாக்களிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணிகளின் பின்னே மலாயாவுக்குக் கப்பலேறிய குடியானவர்கள் விட்டுவந்த வீடு மண்ணால் ஆனது. களிமண்ணில் வைக்கோல் கலந்து, காலால் மிதித்துப் பதமாக்கி, ஒரு படை காய்ந்த பின்பு மறு படை வைத்து எழுப்பிய சுவரும், சாரல் அண்டாதபடி தாழ இறங்கிய கூரையும், வழிப்போக்கனுக்கும் இடம் தரும் திண்ணையுமே அதன் லட்சணங்கள்.

மலாயாவின் தென்கோடியான ஜொகூரிலோ ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை. மண்சுவர் காய்வதற்கு அங்கே அவகாசம் அரிது. ஆகையால் மலாய்க்காரர்கள் ஈரத்துக்கும் வெள்ளத்துக்கும் எட்டாமல் மரக்கால்களின்மீது வீட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். ‘ரூமா லீமாஸ்’ என்று பிரசித்தி பெற்ற அவ்வீட்டின் கூரைக்கு உச்சியில் ஒன்றும் மூலைகளில் நான்குமாக ஐந்து முகடுகள் உண்டு. வைரமேறிய மரத்தைத் துளையும் நாக்குமாகப் பொருத்தி, கால்களுக்கு அடியில் கல் வைத்து, மேலே அத்தாப்பு ஓலை வேய்ந்தார்கள். முன்புறத்துச் ‘செராம்பி’யில் விருந்தாளியை அமர்த்தும் சம்பிரதாயம் நம் திண்ணைக்கு அந்நியமன்று.

ரப்பர் விலை ஏறி, 1909-இல் ஜொகூர் ரயில் பாதையும் முற்றுப்பெற்று, காட்டை அழித்துத் தோட்டங்கள் பெருகிய காலத்தில் தமிழனுக்கு வாய்த்ததோ மூன்றாவது வகை வீடு. மலாய் வீட்டைப் போலவே மரக்காலில் நின்று, அத்தாப்பும் பின்னாளில் தகரமும் போர்த்திய ‘லயம்’ என்ற நீண்ட வரிசை வீடு பலகைத் தடுப்புகளால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். கால்களின் நடுவிலிருந்த வெறுந்தரையில் அடுப்பு எரிந்தது. ஊரில் சுவராக நின்ற மண் இங்கே அடுப்பளவுக்குச் சுருங்கிவிட்டது.

மண்வீட்டுக்கும் மலாய் வீட்டுக்கும் உள்ள பேதம் சீதோஷ்ணத்தால் வந்தது. லயத்தை அவ்விரண்டிலிருந்தும் பிரிப்பது பாத்தியதை. மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை கூட்டிக் கட்டிக்கொள்ளும் சுதந்திரம் லயத்தில் இல்லை. வேலை போனால் வீடும் போயிற்று. 1948-இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் பிறந்தபின் எத்தனையோ லயங்கள் முள்வேலிக்குள் அடைபட்டன. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதித்த தனிச் சட்டம் 1966-இல்தான் வந்தது.

ஜொகூர் பாருவில் 1866-இல் ஜொகூரை ஆண்ட அபு பக்கார் எழுப்பிய அரண்மனை பிற்காலத்தில் அரும்பொருட்காட்சிச் சாலையாயிற்று. லயங்களோ செம்பனைக்கும் புதுக் குடியிருப்புகளுக்கும் வழிவிட்டு மறைந்து வருகின்றன. கட்டியவனின் கீர்த்தியைக் கொண்டு கட்டடத்தை மதிக்கும் சரித்திரம், குடியிருந்தவனைக் கொண்டும் மதிக்கத் தொடங்கினாலொழிய, தோட்டத் தமிழன் வாழ்வுக்குச் சாட்சி சொல்ல அந்நாட்டில் ஒரு தூணும் மிஞ்சாது.