கன்று குடித்த பாலின் கணக்கு

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஓர் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த வேளை. படுவான்கரையிலிருந்து வந்திருந்த முதிய பட்டிக்காரர் ஒருவரிடம், அவரது மாடு நாளொன்றுக்கு எவ்வளவு பால் தரும் என்று கேட்டேன்.

"கறந்தது ரெண்டு போத்தல் தம்பி. கண்டு குடிச்சத ஆர் அளந்த?"

பால் அளவையின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது. பாலின் கொழுப்பைக் கணிக்கும் எளிய சோதனையை 1890இல் அமெரிக்கரான ஸ்டீபன் பப்கொக் வகுத்தார். 1895இல் டென்மார்க்கின் வெயென் என்னும் ஊரில் விவசாயிகள் சங்கம் அமைத்து, பண்ணை பண்ணையாகச் சென்று ஒவ்வொரு மாட்டின் பாலையும் நிறுத்துக் குறிக்க ஓர் உதவியாளரை அமர்த்தினர். தின்ற தீனிக்கு ஈடாகப் பால் தரும் மாடு எது என்பதே அவர்கள் அறிய விரும்பியது.

1992இல் நெதர்லாந்துப் பண்ணைகளுக்குக் கறவை றோபோ வந்தது. கணக்கு எளிதாகியிருக்க வேண்டும், சிக்கலாயிற்று. மாடு தான் விரும்பிய நேரத்தில் வருகிறது. ஒன்று ஆறு மணித்தியாலத்தில் திரும்பும், இன்னொன்று பன்னிரண்டில். ஆகவே ஒரு நாட்பாலைக் கூட்டினால் போதாது. முன்னைய கறவையிலிருந்து கழிந்த நேரத்தையும் கொண்டு, பல நாட்களின் சராசரி காண வேண்டும். இடையில் உதைத்துவிட்டால் அந்தக் கறவை குறைக்கணக்கு. நுரையோ கன அளவை ஏமாற்றும். அதனால் எடையே நம்பிக்கைக்குரியது: ஒரு லீற்றர் பால் ஏறத்தாழ 1.03 கிலோகிராம்.

ஆனால் அங்கே கன்றைப் பிறந்த சில நாட்களுக்குள் பிரித்துவிடுகின்றனர். மடியிலிருப்பதெல்லாம் மானிக்குள் வரும். நமது நாட்டு மாடு கன்று ஊட்டாமல் பால் சுரக்காது. காலையில் ஒருமுறை கறந்தபின் கன்று தாயுடனேயே திரியும். ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் கன்றை நிறுத்து, வித்தியாசத்தைப் பாலாகக் கொள்ளும் ஆய்வுமுறை உண்டு. திறந்த பட்டியில் அதை யார் செய்வது?

எனவே ‘மாடு தரும் பால்’ என்று நாம் எழுதுவது, கன்றின் பங்கு போக எஞ்சியதை மட்டுமே. நானும் பத்திரிகையில் அவ்வாறே எழுதியவன். பெரும்போக வேளாண்மைக் காலத்தில் மாடுகள் செல்லும் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் போராட்டத்தில் அமர்ந்தபோது, "இரண்டு போத்தல் மாட்டுக்கு இத்தனை காடா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கறந்த கணக்குத்தான் அது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.