ஆடுகளத்திலிருந்து நிர்வாக நாற்காலிக்கு: வேய்ன் எம்ப்ரியின் கதை

1999 ஜனவரி 13 ஆம் திகதி மைக்கல் ஜோர்டன் இரண்டாவது தடவையாக ஓய்வை அறிவித்தபோது, நான் பத்திரிகையொன்றின் விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். கிரிக்கெட்டைத் தவிர வேறெதற்கும் இடம்கொடாத அப்பக்கத்தில் அன்று நான்கு பத்தி அகலத்தில் ஜோர்டனின் படத்தை இட்டோம். அதே ஆண்டில் வேய்ன் எம்ப்ரி என்பவர் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தின் புகழ் மண்டபத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அச்செய்திக்கு எமது பக்கத்தில் ஒரு வரியேனும் கிடைக்கவில்லை. பக்கத்தைத் தயாரித்தவன் நான். ஆகவே தவறும் என்னுடையதே. எம்ப்ரி யார் என்பதை நான் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்துகொண்டேன்.

1937 இல் ஒஹையோ மாநிலத்தில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். ஆறடி எட்டங்குல உயரம். 1958 முதல் எட்டு ஆண்டுகள் சின்சினாட்டி ரோயல்ஸ் கழகத்துக்காக ஆடினார். ஐந்து தடவை நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவானார். எனினும் அக்கழகத்தின் பெருவீரர் ஒஸ்கார் ரொபட்சனே. அவருக்கு வழிவிட்டு, எதிரணியினரை மறித்து நிற்பது எம்ப்ரியின் வேலை. 1968 இல் பொஸ்டன் செல்டிக்ஸ் அணியோடு வெற்றிக்கிண்ணம் கண்டு, மில்வோக்கி பக்ஸ் கழகத்தில் ஓராண்டு ஆடியபின் ஓய்வுபெற்றார்.

1972 இல் அதே மில்வோக்கி கழகம் அவரைப் பொது முகாமையாளராக நியமித்தது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுக் கழகமொன்றில் அப்பதவியை வகித்த முதலாவது கறுப்பினத்தவர் அவரே. பயிற்றுநர் தம்மிடம் தரப்பட்ட வீரர்களை ஆட்டுவிப்பவர். எந்த வீரரைத் தருவது, எவரை விற்பது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பவற்றைத் தீர்மானிப்பவரோ பொது முகாமையாளர். ஊர் ஊராகச் சென்று கல்லூரி மைதானங்களில் இளம் வீரர்களை எடைபோடும் 'ஸ்கவுட்'டுகளின் அறிக்கைகள் அவருடைய மேசைக்கே வந்து சேரும். என்.பீ.ஏ. ஆடுகளத்தில் கறுப்பின வீரரொருவர் முதன்முதலாக இறங்கியது 1950 இல். அவர் பெயர் ஏர்ல் லொயிட். ஆடுகளத்திலிருந்து அந்த நாற்காலிக்கு வந்துசேர அச்சமூகத்துக்கு 22 ஆண்டுகள் பிடித்தன.

நாற்காலி வசதியானதாக அமையவில்லை. 1971 இல் மில்வோக்கிக்குக் கிண்ணம் வென்று கொடுத்தவர் கரீம் அப்துல் ஜபார். மூன்று தடவை ஆண்டின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றவர். 1974 இன் பிற்பகுதியில் அவர், தமக்கு இந்நகரம் ஒத்துவரவில்லை, நியூயோர்க்குக்கோ லொஸ் ஏஞ்சல்ஸுக்கோ அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுத்தால் ஒப்பந்தம் முடிந்ததும் கழகம் வெறுங்கையோடு நிற்க நேரிடும். இணங்கினால் அக்காலத்தின் ஒப்பற்ற வீரரைக் கைவிட்டவர் என்ற பழி வரும். அப்பழியும் சாதாரண முகாமையாளர் ஒருவர்மீது விழும் பழியாக இராது. முதலாமவர் தவறினால் அவருக்குப் பின்னால் காத்திருப்போர் அனைவரும் தவறியதாகவே பேசப்படும் என்பதை, எந்தத் துறையிலும் 'முதலாவது' என்ற அடைமொழியைச் சுமந்தவர்கள் அறிவார்கள்.

1975 ஜூனில் எம்ப்ரி அப்துல் ஜபாரை லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு நான்கு வீரர்களைப் பெற்றார். அப்துல் ஜபார் அங்கே மேலும் ஐந்து கிண்ணங்களை வென்றார். மில்வோக்கி அடுத்த கிண்ணத்துக்கு 2021 வரை காத்திருந்தது. கணக்கை இவ்வளவோடு நிறுத்தினால் எம்ப்ரி தோற்றவரே. ஆனால் வந்த நால்வரில் பிரையன் வின்டர்ஸ், ஜூனியர் பிரிட்ஜ்மன் ஆகிய இருவரும் நெடுங்காலம் அவ்வணியின் தூண்களாக நின்றவர்கள்; அவர்களின் இலக்கங்களை வேறெவரும் அணியாதபடி கழகம் கௌரவித்தது. பின்னாளில் பெருவணிகரான பிரிட்ஜ்மன் 2024 இல் அதே கழகத்தில் பத்து சதவீதப் பங்கை வாங்கினார். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

1986 இல் எம்ப்ரி கிளீவ்லண்ட் கவாலியர்ஸ் கழகத்தைப் பொறுப்பேற்றார். அவ்வணி 1989 இல் 57 வெற்றிகளோடு மேலெழுந்தது. ஆனால் இறுதிக் கணத்தில் பாய்ந்து ஒரே எறிகையால் அதன் கனவைக் கலைத்தவர் மைக்கல் ஜோர்டன். அந்த ஜோர்டன் 2000 இல் வொஷிங்டன் கழகத்தின் நிர்வாகியானார். 2001 இல் முதலாவது தெரிவாக அவர் எடுத்த உயர்பாடசாலை மாணவர் குவாமே பிரவுன் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. தாம் செய்வது எப்படி நிகழ்கிறது என்று பெருவீரர்களுக்கே தெரிவதில்லை, பக்கத்தில் நின்று தாங்கியவர்களே அதைக் கவனித்திருக்கிறார்கள் என்றொரு வாதம் உண்டு. எனக்கும் அதில் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆயினும் ஜெரி வெஸ்ட் அதனை உடைத்துவிடுகிறார். பெருவீரராகவே ஓய்வுபெற்ற அவர், லேக்கர்ஸ் நிர்வாகத்தின் தலைமைக்கு வருமுன் மூன்றாண்டுகள் ஸ்கவுட்டாக அலைந்தவர். 1996 இல் பதினேழு வயதுக் கோபி பிரயன்டுக்காக, நிலைபெற்ற வீரரான விளாடே டிவாட்ஸைக் கொடுக்கத் துணிந்ததும் அவரே.

எம்ப்ரி 2004 இல் ரொறன்ரோ ராப்டர்ஸ் கழகத்துக்கு ஆலோசகராகச் சென்றார். 2013 இல் அங்கே தலைமைக்கு வந்த மசாய் உஜிரி, நைஜீரியாவில் வளர்ந்தவர்; ஐரோப்பாவில் சில காலம் ஆடியபின் ஒர்லாண்டோ கழகத்துக்காகச் சம்பளமின்றி ஸ்கவுட் வேலை பார்த்துத் தொடங்கியவர். 2019 இல் ராப்டர்ஸ் கிண்ணத்தை வென்றபோது எம்ப்ரிக்கு வயது 82.

வெற்றி ஊர்வலத்தில் நின்ற என் சகோதரியின் பிள்ளைகள் எனக்குப் படம் அனுப்பினார்கள். வேய்ன் எம்ப்ரியைக் கண்டீர்களா என்று கேட்டு எழுதினேன்.

"அது ஆர் மாமா?" என்று பதில் வந்தது.