வீட்டு உணவுத் தூய்மையும் குழந்தைகளின் வளர்ச்சி குன்றலும்

வளர்ச்சி குன்றல் என்பது குழந்தையின் உயரம் வயதுக்குரிய அளவைவிட மிகக் குறைந்திருக்கும் நிலை ஆகும். உலக சுகாதார அமைப்பின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சித் தரப்படி, இடைநிலை அளவிலிருந்து இரண்டு திட்டவிலக்கங்களுக்கும் கீழுள்ள உயரம் இவ்வாறு வகைப்படுத்தப்படுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே இது இந்தியாவில் 35.5 விழுக்காடாகவும் தமிழ்நாட்டில் 25 விழுக்காடாகவும் இருந்தது.

காரணம்

ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலுடன் இணை உணவு தொடங்கும்போது கிருமிகள் உட்செல்லும் வழியும் திறக்கிறது. காலையில் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி வெப்பமான அறையில் மாலைவரை இருந்தால் அதில் கிருமிகள் பெருகும். வயிற்றுப்போக்கு வராமலும் பாதிப்பு நிகழக்கூடும் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. தொடர் தொற்றால் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் குட்டையாகி, உண்ட உணவின் சத்து முழுதும் உறிஞ்சப்படுவதில்லை. நீடித்த அழற்சி எலும்பு வளர்ச்சியையும் தடுக்கிறது. இத்தகைய குடல் மாற்றங்களை முதலில் விரிவாக ஆராய்ந்த இடங்களுள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் ஒன்று. எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வின் இந்தியக் களமும் வேலூரே. நோய்க்குறி காட்டாத தொற்றுகளும் உயர வளர்ச்சியைக் குறைக்கின்றன என அவ்வாய்வு காட்டியது.

திருவள்ளூர் மாவட்டம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வடமாநிலத் தொழிலாளர் பலர் பணிபுரிகின்றனர். மாவட்டத்தின் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் பருவந்தோறும் குழந்தைகளுடன் வருகின்றன. ஒற்றை அறையில் சமையலும் உறக்கமும் நிகழும் இடங்களில், குடத்து நீரைக் கையால் மொள்வதும் தரையில் தவழும் குழந்தை மண்பட்ட கையை வாயில் வைப்பதும் தவிர்க்க அரியவை. சில மாதங்களில் ஊர் மாறுவதால், அங்கன்வாடியில் எடையும் உயரமும் தொடர்ந்து பதிவாவதும் கடினம்.

தடுப்பு

சமைக்கும் முன்னும் ஊட்டும் முன்னும் மலம் கழுவிய பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல், நீரை மூடிவைத்து நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுத்தல், பால்புட்டிக்கு மாற்றாகக் கிண்ணமும் கரண்டியும் பயன்படுத்துதல் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்தலாகாது. மீதமானதை ஆவி பறக்கச் சூடாக்கியே ஊட்ட வேண்டும்.

எனினும் இவற்றின் பயனை மிகைப்படுத்தலாகாது. வங்காளதேசம், கென்யா, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடந்து 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில், வீட்டளவிலான நீர், கழிப்பறை, கைகழுவும் வசதிகள் உயரத்தைக் கூட்டவில்லை. வங்காளதேசத்தில் வயிற்றுப்போக்கு மட்டும் குறைந்தது. கூடுதல் ஊட்ட உணவு பெற்ற குழந்தைகள் சிறிதளவே உயர்ந்தனர். தாயின் உடல்நலம், பிறப்பு எடை, தெருவின் கழிவுநீர் ஆகியவை வீட்டுச் சமையலறைக்குள் அடங்குவன அல்ல.