சுவரின் விரிசலும் நமது அமானிதமும்



ஷஃபான் பிறை தென்பட்டதும் திண்டுக்கல் தெருக்களில் வண்ண வாளிகள் தென்படத் தொடங்கிவிடும். ரமளானை வரவேற்க இல்லங்களைப் புதுப்பிப்பது நல்ல வழக்கமே. ஆயினும், வண்ணம் பூசும் முன் சுவரின் விரிசலைப் பார்த்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு நம் ஊரின் வரலாறே ஒரு பாடம்.

1755-ஆம் ஆண்டில் ஹைதர் அலி திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராகப் பொறுப்பேற்றார். அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியுள்ள இடம் பேகம்பூர். அவர் பெயராலேயே அப்பகுதி அழைக்கப்படுகிறது. 1790-இல் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. 1792-இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமையே அவர்களிடம் சென்றது. ஆட்சிகள் மாறின, பேகம்பூரின் பெரிய பள்ளிவாசல் மட்டும் இன்றும் தொழுகையாளிகளால் நிறைகிறது.

அக்காலக் கட்டடங்கள் சுண்ணாம்புக் காரையால் எழுந்தவை. சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டு, நீற்றி, மணலுடன் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசினர். இப்பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. சுவர் சற்று அசைந்தால் தானும் இசைந்து கொடுக்கும். உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேற்றிவிடும். ஆண்டுதோறும் அடித்த வெள்ளை, மயிரிழை வெடிப்புகளை நிரப்பி வந்தது. வெள்ளையடித்தல் என்பது அன்று அழகுக்கு மட்டுமன்று, பராமரிப்புக்கும் உரிய வேலையாக இருந்தது.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலுள்ள ஜென்னே நகரப் பெரிய பள்ளிவாசல் களிமண்ணால் ஆனது. ஊர் மக்கள் ஒன்றுகூடி ஆண்டுதோறும் அதற்குப் புதுப்பூச்சு இடுகின்றனர். பராமரிப்பே அங்கு ஒரு திருவிழாவாகிவிட்டது.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் 1824-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவில் 1904-இல் சென்னையில் அதன் உற்பத்தி தொடங்கியது. வலிமையும் விரைவும் தந்த அப்பொருள் நம் ஊர் வீடுகளையும் எட்டியது. ஆனால், மென்மையான பழைய காரையின் மேல் இறுகிய சிமெண்டைப் பூசினால் இரண்டும் ஒட்டி வாழ்வதில்லை. ஈரம் உள்ளே சிக்கி, பூச்சு உப்பி, தனியே பெயர்ந்துவிடும்.

இதை நாங்கள் அனுபவித்தே கற்றோம். பாட்டனார் கட்டிய காரைவீட்டை வாடகைக்கு விடுமுன் வெளிச்சுவர் விரிசல்களில் சிமெண்டைத் திணித்து, பளிச்சென வண்ணம் அடித்தோம். ஐப்பசி மழையில் குடியிருந்தோரின் படுக்கையறைச் சுவர் நனைந்தது. அவர்கள் குறை கூறவில்லை; நமக்குத்தான் உறக்கம் போயிற்று. மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தியை மாணவர்களுக்குப் போதிப்பவர் நாம். அன்று நம் சுவரும் அக்குவியலாகவே நின்றது.

மறுகோடையில் முறையாகச் செய்தோம். பழுதுற்ற பூச்சைத் தட்டிப் பார்த்தோம்; பொள்ளலாக ஒலித்த இடங்களைக் கொத்தி நீக்கினோம். பெரிய வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டிச் சில மாதங்கள் கவனித்தோம். அது உடைந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறதென்று பொருள். அப்போது பொறியாளரையே அழைத்திருக்க வேண்டும். உடையவில்லை. வெடிப்பை அகலப்படுத்தி, தூசு நீக்கி, நீர் தெளித்து, சுண்ணாம்புக் காரையையே மெல்லிய அடுக்குகளாக நிரப்பினோம். கூரையிலிருந்து நீர் வழிந்த இடத்தையும் அடைத்தோம். ஈரம் காயும் வரை வண்ணத்திற்குப் பல வாரங்கள் காத்திருந்தோம். சுவர் மூச்சுவிட ஏதுவாக இறுதியில் வெள்ளையே அடித்தோம். சிமெண்டு வீட்டுக்குக் காரை பொருந்தாது. எந்தச் சுவருக்கும் அதனதன் இனப்பூச்சே உகந்தது.

அல்கஹ்ஃப் அத்தியாயத்தில், விழவிருந்த சுவர் ஒன்றை ஹிள்ர் (அலை) அவர்கள் கூலியின்றி நிமிர்த்திய வரலாறு வருகிறது. அதன் அடியில் இரு அனாதைச் சிறுவருக்குரிய புதையல் இருந்தது. நம் சுவர்களுக்குப் பின்னும் பிறர் உறங்குகின்றனர். அவர்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. விரிசலை மூடி மறைக்காமல் சீர்செய்யும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.